கனடாக் கறிவேப்பிலை

"உன்ரை அண்ணைக்கு வேறை வேலை இல்லையோ?" என்று எரிந்து விழுந்தார் கதிரவேலு.

மேசையில் கைப்பேசி அதிர்ந்துகொண்டிருந்தது. திரையில் 'கனடா மாமா'. பின்னேரமானால் மழை தவறினாலும் அந்த அழைப்பு தவறாது.

"அதுதானே இல்லை. தொழிற்சாலையாலை நிப்பாட்டிப்போட்டாங்களெல்லோ," என்றாள் உதயகலா அடுப்படியிலிருந்து. "பிள்ளை, மாமா எடுக்கிறார். எழும்பு."

வினோஜா போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டினாள்.

விவசாயப் பட்டதாரி. அந்தக் குடும்பத்தின் முதல் பட்டம். பட்டம் வாங்கிய அன்று ஒழுங்கைச் சனமே திரண்டு வந்து பார்த்தது. அதன்பிறகு ஒரு வேலையும் வந்து பார்க்கவில்லை. மாரி தொடங்கியதிலிருந்து கட்டிலும் அவளும்தான்.

திரையில் மாமாவின் முகம் தெரியவில்லை. பூச்சட்டி ஒன்று தெரிந்தது. அதில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. வேலையால் நின்ற அன்று சிநேகிதர் ஒருவர் அவருக்குக் கொடுத்த பரிசு.

"பிள்ளை, இண்டைக்கும் இலை கொட்டிப்போச்சு. வெளியிலை ஒரே பனி. என்ன செய்யிறது?"

"எங்கை வைச்சிருக்கிறியள் மாமா?"

"ஹீற்றருக்குப் பக்கத்திலை. குளிருமெல்லோ. என்ரை கம்பளித் தொப்பியையும் போட்டு விட்டிருக்கிறன்."

"ஐயோ மாமா, கழட்டுங்கோ! அது அவியுது!"

வினோஜா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"படிச்ச பிள்ளையை ஒரு சட்டிக்குக் காவல் வைச்சிருக்கிறார்," என்று முணுமுணுத்தார் கதிரவேலு. "ஒரு வேலைக்கு வழி சொல்லத் தெரியாது. ஓசியிலை வைத்தியம் கேக்கத் தெரியுது."

வினோஜா கம்பஸ் கொப்பிகளைத் தூசி தட்டி எடுத்தாள். நுனி கிள்ளுவது எப்படி என்று மாமாவுக்குக் காட்டக் கைப்பேசியோடு கிணற்றடிக்குப் போனாள். காட்டிக் காட்டியே அங்கே நின்ற கறிவேப்பிலை மரம் மொட்டையானது.

"சொதிக்குப் போட ஒரு நெட்டு இல்லை," என்றாள் உதயகலா. "இனி எங்களுக்கும் கனடாவிலையிருந்துதான் கறிவேப்பிலை வரவேணும்."

மாமா விடவில்லை. "பசளைக்கு என்ன பிள்ளை போடலாம்?"

"புளிச்ச மோரைத் தண்ணியாக் கரைச்சு விடுங்கோ."

மறுநாளே முறைப்பாடு வந்தது.

"வீடு முழுக்கப் புளிச்சு மணக்குது பிள்ளை. மாமி என்னையும் சட்டியையும் வெளியிலை போகட்டாம். வெளியிலை மைனஸ் இருவது!"

"நீங்கள் போங்கோ மாமா. சட்டி உள்ளுக்கை நிக்கட்டும்."

அந்த வீட்டில் கன நாளைக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. கதிரவேலு பேப்பரை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

தை பிறந்தது. இலை கொட்டுவது நின்றது. பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை.

"உன்ரை கைராசிதான் பிள்ளை. பார், என்ன மினுக்கம்!" என்று மாமா சட்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்.

வினோஜா திரையைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு மாமா. ஆனால் மோரை நிப்பாட்டிப்போடாதேங்கோ. விடிய எழும்பினவுடனை கரைச்சு, எனக்குக் காட்டி விடுங்கோ."

"இனியும் விடவேணுமோ?"

"கட்டாயம் விடவேணும்."

கதிரவேலு சாவகச்சேரிச் சந்தையில் கண்டவரையெல்லாம் மறித்துச் சொன்னார். "என்ரை மகள் இஞ்சை இருந்துகொண்டே கனடாவிலை ஒரு மரத்தைக் காப்பாத்திப்போட்டாள்."

மகள் இப்போது மாமா எடுப்பதற்கு முன்பே எழுந்து, குளித்து, தலை வாரி, வேலைகளுக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டு இருந்தாள். பங்குனியில் ஒரு நாற்றுப் பண்ணை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது.

"அனுபவம் இருக்கோ?" என்றார் முதலாளி.

"ஒரு கறிவேப்பிலை பார்த்தனான் சேர். கனடாவிலை. போனிலை."

"பனிக்காலத்திலையோ! இலை எல்லாம் கொட்டியிருக்குமே?"

"முதல் கொட்டினது சேர். தைக்குப் பிறகு ஒண்டும் கொட்டேல்லை."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து வேலையைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வினோஜா கனடாவுக்கு எடுத்தாள். மாமிதான் கதைத்தா. மாமா குளிக்கிறாராம்.

"வேலை கிடைச்சிட்டுதோ! அப்பாடா, இனி உண்மையைச் சொல்லலாம்," என்றா மாமி. "அந்த மரம் மார்கழியிலை, நத்தாரோடையே பட்டுப்போச்சு பிள்ளை. மாமா எடுத்தால்தான் நீ கட்டிலாலை எழும்புறாய் எண்டு கொம்மா சொன்னவ. மரம் செத்ததெண்டு தெரிஞ்சால் நீ திரும்பப் படுத்திடுவாய் எண்டு, இந்த மனிசன் கொட்டுற பனியுக்கை போய் ஒரு பிளாஸ்ரிக் மரம் வாங்கியந்தது."

"தெரியும் மாமி."

"என்ன தெரியும்?"

"பொங்கலண்டே தெரியும். இலைக்குப் பின்னாலை விலைத் துண்டு ஒட்டியிருந்தது."

மாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பிறகேன் பிள்ளை பிளாஸ்ரிக்குக்கு மோர் விடச் சொன்னனி? என்ரை வீடு இன்னும் மணக்குது!"

"வேலை போன புதுசிலை மாமா விடிஞ்சாலும் கட்டிலாலை எழும்புறேல்லை எண்டு நீங்கள்தானே மாமி அம்மாட்டைச் சொல்லி அழுதனீங்கள்? மோர் கரைக்கிறதுக்கெண்டாலும் எழும்பத்தானே வேணும்."