கசிவு நின்றது

குளக்கரையில் ஆசிட் லாரி ஒன்று கவிழ்ந்து, குளத்துக்குள் ஒழுகத் தொடங்கியது. தண்ணீர் இலாகா அதிகாரியான எருமையிடம் தவளை தாவிப் போய்ச் சொன்னது.

"லாரி கிடக்கிறது கரையில. கரை இலாகா நண்டைப் போய்ப் பாரு," என்றது எருமை.

நண்டு வளையிலிருந்து எட்டிப் பார்த்தது. "ஒழுகுறது தண்ணியிலதானே? எருமை ஐயாதான் வரணும்."

தவளை இரண்டின் காலிலும் விழுந்து, கூட்டு ஆய்வுக்கு அழைத்து வந்தது. கரைக்கும் குளத்துக்கும் நடுவே எல்லைக் கல் எங்கே என்று இரண்டும் சாயங்காலம்வரை வெயிலில் தேடின. அதற்குள் லாரி காலியாகிவிட்டது.

"கசிவு நின்றுவிட்டது," என்று நண்டு அறிவித்தது.

எருமைக்கு நிம்மதி. தாகம் வேறு. குளத்தில் இறங்கியது.

"ஐயா, குடிக்காதீங்க!" என்று தவளை கத்தியது.

"அதான் நின்னுடுச்சே," என்று சொல்லிவிட்டு எருமை தண்ணீரில் வாயை வைத்தது.