ஒன்பதாவது வளைவு

பழைய கார் ஒன்றுக்குப் புது இன்ஜின் மாட்டினார்கள். கம்ப்யூட்டர் மட்டும் பழையதே. இருபது வருஷமாக நோஞ்சான் இன்ஜின் ஒன்றுக்குப் பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றிப் பழகிய அது, புதியதற்கும் அதே அளவில் ஊற்றியது. ஸ்டார்ட் செய்ததுமே கரும்புகை.

“அண்ணே, போதும்! மூச்சு முட்டுது,” என்றது இன்ஜின்.

“காலையில குளிரும் தம்பி. குடி,” என்றது கம்ப்யூட்டர்.

மெக்கானிக் ரெஜினா லேப்டாப்பை இணைத்து, கம்ப்யூட்டரில் இருந்த பழைய அளவுகளை ஒவ்வொன்றாக மாற்றினாள். ஓட்டிப் பார்க்க மலைப்பாதையில் ஏறினாள்.

ஒன்பதாவது வளைவு நெருங்கியதும் கம்ப்யூட்டர் பதறியது. பழைய இன்ஜின் எப்போதும் அங்கேதான் கொதித்து நிற்கும். அங்கிருந்தே வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

“நில்லு தம்பி! இதோட மலை முடிஞ்சுது.”

“யாரு சொன்னா? நீங்க புது அளவுல ஊத்துங்கண்ணே, நான் பாத்துக்கறேன்.”

கம்ப்யூட்டர் புது அளவில் ஊற்றியது. வளைவு பின்னால் போனது. பத்து, பதினொன்று. பன்னிரண்டாவதில் மேகம் சக்கரத்துக்குக் கீழே கிடந்தது.

கம்ப்யூட்டர் மெல்லக் கேட்டது: “தம்பி, இவ்வளவு மலையும் இத்தனை வருஷமா இங்கேயேதான் இருந்துச்சா?”