சர்வேக்காரன்

வீராசாமியின் முதல் அடி வாயில் விழுந்தது.

மண்வெட்டிக் காம்புதான். இரும்புப் பக்கம் பட்டிருந்தால் கோகுலகிருஷ்ணனின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

விஷயம் இவ்வளவுதான். ஆந்திர எல்லையில் வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில், ரோட்டோரமாக வீராசாமிக்கு அரை ஏக்கர் நிலம். காலை ஆறரை மணிக்கு வந்து பார்த்தால் வரப்பை ஒட்டி ஒரு முக்காலி நிற்கிறது. அதன் தலையில் கண்ணாடி வைத்த பெட்டி. பக்கத்தில் அட்டையும் பேனாவுமாகத் திருப்பதியிலிருந்து வந்த கோகுலகிருஷ்ணன்.

"இன்னாடா பண்ணிக்கினு கீற?"

"சர்வேண்ணா. கவர்மெண்ட் சர்வே" என்றான் அவன், சிரித்த முகமாக.

அந்தப் பக்கத்தில் வாயில் வரக் கூடாத வார்த்தை அது.

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி முக்காலியோடு வந்தவனும் சர்வே என்றுதான் சொன்னான். ஊரே அவனுக்கு மோர் கொடுத்து உபசரித்தது. ஆறே மாதத்தில் கல் நட்டார்கள். அப்புறம் கம்பெனிச் சுவர் எழுந்தது. அந்த இடத்தில் வேர்க்கடலை போட்ட நாகபூஷணம் இன்று அதே சுவருக்குக் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு கேட் திறந்து மூடுகிறான்.

வீராசாமியின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் குனிந்த குடும்பம். பட்டா என்று கைக்கு வந்தது இந்த அரை ஏக்கர்தான். அதன் மூலையில் மகள் பத்மினியைப் புதைத்து எட்டு மாதம்தான் ஆகிறது.

அங்கே புல்டோசர் ஏறுவதை நினைத்ததும் அவருக்குக் கண் இருண்டுவிட்டது.

இரண்டாவது அடி தோளில். மூன்றாவது முழங்காலில். அவன் மடங்கி விழுந்தான். ஏதோ சொல்லப் பார்த்தான். பல் போன வாய்க்குத் தமிழும் வரவில்லை, தெலுங்கும் வரவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த நாகபூஷணம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நாலு வருஷமாக உள்ளே அடக்கி வைத்ததையெல்லாம் பூட்ஸ் காலால் அவன் விலாவில் இறக்கினான்.

வீராசாமி பெட்டியை உடைத்தார். முக்காலியை உடைத்தார். உடைக்க வேறொன்றும் இல்லாதபோது மறுபடி அவனிடமே வந்தார்.

கிராம சச்சிவாலயம் என்கிற ஊர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் மோகனப்ரியா குறுக்கே வந்து விழுந்ததால்தான் ஓங்கிய காம்பு நின்றது.

அவள் அட்டையை எடுத்தாள். ரத்தம் படிந்த தெலுங்குக் காகிதம். அதில் ஐந்து ஐந்தாகப் பேனாக் கோடுகள்.

"நிலத்து சர்வே இல்ல மாமா. நீ ஒடச்சது கேமரா. ரோட்டுல வேலைக்குப் போறவங்கள எண்ணிக்கினு இருந்திருக்காரு. இம்மா பேரு போறாங்கன்னு கணக்கு காட்டினாத்தான் கவர்மெண்ட்டு பஸ்ஸுக்குப் பணம் ஒதுக்குமாம்."

"எவன் கேட்டான் பஸ்ஸு?" என்று உறுமினார் வீராசாமி.

அவள் அடுத்த காகிதத்தைப் புரட்டினாள். கீழே கிடந்தவனின் மூச்சுதான் கரகரவென்று கேட்டது.

"பத்மினி வேலைக்குப் போற டெம்போலேர்ந்து விழுந்து செத்தப்ப, கலெக்டர் ஆபீஸ்ல நீ கைநாட்டு வெச்சுக் குடுத்தியே மாமா. அந்த மனுவுக்குத்தான் இவர அனுப்பிக்கிறாங்க."