அலுமாரியைத் திறந்த குரல்

“ஏலாது எண்டா ஏலாதுதான், நுஸ்ஹா டீச்சர். அலுமாரிச் சாமான் நூலகத்த விட்டு வெளிய போகப்படாது.”

நூலகப் பொறுப்பாசிரியை லைலா, சாவிக்கொத்தை ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டிவிட்டு மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

கண்ணாடி அலுமாரிக்குள் அந்த இதயம் இருந்தது. பிளாஸ்டிக்தான். ஆனால், கொளுக்கியைத் தட்டினால் கதவு மாதிரித் திறந்து நாலு அறையையும் காட்டுமாம். திறந்து பார்த்த ஆள்தான் பள்ளிக்கூடத்தில் இல்லை.

“நாளைக்கு என்ட பாடத்தப் பார்க்க அதிகாரி வாறார், டீச்சர். அது சரிவந்தாத்தான் வேலை நிரந்தரம். ஒரே ஒரு பாடவேளைக்கு...”

“அதிபர்ட ஓடர். அவர்ட வாயால சொன்னாத் தாறன்.”

நுஸ்ஹா டீச்சர் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தார். கரும்பலகையில் இதயம் வரைந்தார்.

“டீச்சர், இது கொய்யாப்பழமா?”

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரிக்கப் பார்த்தார். கண்தான் ஒத்துழைக்கவில்லை.

“அலுமாரி என்னமோ லைலா டீச்சர்ட சீதனம் மாதிரி! அதிபர்ட வாயால சொன்னாத்தான் தருவாவாம்!” என்று பொரிந்தாள், நூலகத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்திருந்த ஸம்றா.

பின் வாங்கில் உட்கார்ந்து பஸால் யோசித்துக்கொண்டிருந்தான். அவன் யோசித்தால் யாருக்கோ ஆபத்து. ஊரில் உள்ள குரலெல்லாம் அவன் தொண்டையில் குடியிருந்தது. ஒருமுறை பள்ளிக்கூட வாசலில் நின்று, “அக்கரைப்பற்று! அக்கரைப்பற்று! உள்ளுக்குப் போங்க, இடமிரிக்கி!” என்று பஸ் கொண்டக்டராய்க் கத்தி, வராத பஸ்ஸுக்கு ஒரு மனுசனை மூட்டையோடு ஓட வைத்தவன்.

“அதிபர்ட வாய்தானே வேணும்?” என்றான். “அது என்னட்ட இரிக்கி.”

அதிபரின் அந்தக் கட்டளைக்கும் காரணம் இல்லாமல் இல்லை. போன வருசம் நூலகத்து உலக உருண்டை ஒரு வகுப்புக்குப் போய், இடைவேளையில் கால்பந்தாகி, இலங்கை இருந்த இடத்தில் பள்ளத்தோடு திரும்பி வந்தது. அன்றைய ஆசிரியர் கூட்டத்தில் பள்ளிக்கூட அதிபர் ஷரிபுதீன் மேசையில் அடித்துப் போட்ட சட்டம் அது.

அதிபர் அறைக்கும் நூலகத்துக்கும் இடையில் ஒரு பலகைத் தடுப்புத்தான். அதுவும் கூரை வரை எட்டாது. அதனால் அவர் எழும்பி வருவதில்லை. இருந்த இடத்திலேயே இருந்து பலகைக்கு மேலால் சத்தம் போடுவார்.

இடைவேளை முடிந்ததும் பஸால் எட்டிப் பார்த்தான். அதிபர் அறையில் ஆளில்லை. விசிறி மட்டும் சுற்றியது. ஸம்றாவை வாசலில் காவல் வைத்துவிட்டு உள்ளே போய்த் தொண்டையைச் செருமினான்.

“லைலா டீச்சர்!”

அந்தப் பக்கம் ஏதோ பொத்தென்று விழுந்தது.

“...சேர்?”

“அந்த இதயத்த நுஸ்ஹா டீச்சருக்குக் குடுங்க. சாமான் பாவிக்கத்தான், பூட்டி வச்சுப் பார்க்கிறதுக்கில்ல. விளங்குதா?”

“நீங்கதானே சேர், வெளிய போகப்படாது எண்டு...”

“அப்ப சொன்னதும் நான்தான், இப்ப சொல்றதும் நான்தான்! இப்ப சொல்றவன்ட கதையக் கேளுங்க! விளங்குதா?”

ஸம்றா பர்தா நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பலகைக்கு அந்தப் பக்கம் யாருக்கோ இருமல் வந்தது.

“வேறயும் ஏதும் குடுக்கவா, சேர்?”

இதை பஸால் எதிர்பார்க்கவில்லை.

“அ... அது உங்கட வேலை, டீச்சர். பாடத்தப் பார்த்து யோசிச்சுக் குடுங்க!”

பள்ளிக்கூடம் விடுவதற்குள் லைலா டீச்சர் ஒரு கூடையோடு வகுப்புக்கே வந்துவிட்டார். இதயம். படப் புத்தகம். மண்ணெண்ணெய் இறைக்கிற சின்னக் கைப்பம்ப். இறப்பர்க் குழாய் மாட்டிய புனல்.

“பம்ப அமுக்கிக் காட்டுங்க, வால்வு திறந்து மூடுறது விளங்கும். புனல நெஞ்சில வச்சி ஆளுக்காள் கேக்கட்டும்.”

“இவ்வளவையும் இப்பவா டீச்சர் தேடினீங்க?”

“எடுத்து வச்சிக் கன நாள். இந்தப் பாடம் வருமெண்டு தெரியும்தானே.”

அடுத்த நாள் வகுப்பு புனலுக்காகச் சண்டை பிடித்தது. கடைசியில், பாடம் பார்க்க வந்த அதிகாரியே குழாயைக் காதில் வைத்து, நுஸ்ஹா டீச்சரைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, கூட வந்திருந்த அதிபரிடம் கேட்டார்:

“உங்கட நூலகம் வகுப்புக்கு இவ்வளவு உதவுதா?”

“என்ட ஓடர்தான் சேர். சாமான் பாவிக்கத்தான், பூட்டி வச்சுப் பார்க்கிறதுக்கில்ல. விளங்குதா?”

பஸால் திடுக்கிட்டான். அவன் சொந்தமாகக் கட்டிய வசனம் அது! சேருக்கு எப்படிக் கிடைத்தது?

பொறுக்க முடியவில்லை. நூலகத்துக்குப் போனான்.

“டீச்சர், நேத்து சேர் பலகைக்கு மேலால சத்தம் போட்டாரே, அப்ப...”

“அப்பயா?” லைலா டீச்சர் நிமிராமல் புத்தகம் அடுக்கினார். “அப்ப சேர் எனக்கு முன்னால, இந்தக் கதிரையில இருந்தவர். ‘கூட்டத்தில வீறாப்பாச் சொல்லிப்போட்டன், இப்ப எந்த மூஞ்சியோட மாத்துற’ எண்டு தலையச் சொறிஞ்சுகொண்டு.”

பஸாலின் தொண்டையில் ஒரு குரலும் இல்லை. மெல்லப் பின்னால் நகர்ந்தான்.

“நில்லு மனே, எங்க ஓடுறாய்? நாளைக்குப் புவியியல் பாடத்துக்கு வரைபடம் வேணும். ‘அதிபர்ட சத்தத்த இன்னும் காணல்லையே’ எண்டு அதிபர் இப்பத்தான் வந்து கேட்டுப்போட்டுப் போறார்.”