மேசைக்குப் பிடித்த கட்டுரை

செவ்வந்திக்குக் கட்டுரை வருவதே பேருந்தில்தான். உசிலம்பட்டியில் ஏறி மதுரையில் கல்லூரி வாசலில் இறங்குவதற்குள், கம்பியைப் பிடித்து நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மனசுக்குள் கட்டி முடித்துவிடுவாள். வகுப்பில் போய் இறக்கி வைக்க வேண்டியதுதான்.

அதுதான் கண்ணுகளா, அவளுக்கு வினையாகிப் போனது. கல்லூரியில் கட்டுரைகளைத் திருத்தும் கணினி எழுதுமேசை, எழுதுகிறவர் எங்கே தயங்குகிறார், எதை எழுதிவிட்டு அடிக்கிறார் என்று பார்த்துத்தான் மதிப்பெண் போடும். செவ்வந்தி தயங்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. ‘சொந்தமாக யோசிக்கவில்லை’ என்று இரண்டாம் முறையும் திருப்பிவிட்டது. இன்னொரு முறை திருப்பினால் தேர்வே எழுத முடியாது.

“பஸ்லயே யோசிச்சிட்டு வந்துட்டேன் சார்.”

“பஸ்ல யோசிச்சதுக்கு மேசை எப்படிம்மா சாட்சி சொல்லும்?” என்றார் பேராசிரியர் சகாயம். கட்டுரையை அவர் படிக்கவே இல்லை.

பக்கத்து இருக்கை ரெஜினா சிரித்தாள். “நல்ல வரியா ஒண்ணு எழுதி அடிடி. மோட்டுவளையப் பாத்துக்கிட்டு கொஞ்ச நேரம் உக்காரு. அப்புறம் சுமாரா ஒண்ணு எழுது. நானெல்லாம் அப்படித்தான் பாஸ் பண்றேன்.”

பல்லைக் கடித்துக்கொண்டு செவ்வந்தி அப்படியே செய்தாள். பிடித்த வரிகளையெல்லாம் அடித்தாள். ‘ஆழ்ந்த சிந்தனை’ என்று பாராட்டித் தேர்ச்சி கொடுத்தது மேசை.

மறுநாள் பேருந்தில் அடுத்த கட்டுரைக்கு முதல் வரி வந்தது. நல்ல வரிதான். அதை மனசுக்குள்ளேயே அடித்துவிட்டு, பேருந்தின் கூரையைப் பார்த்தபடி நின்றாள். செக்கானூரணி நிறுத்தம் போனது, நாகமலையும் போனது. அவள் இன்னும் முதல் வரியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.