டிரிப் சுவிட்ச்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் தன் மனைவியின் மூட்டுவலிக்காக வீட்டின் பின்பக்கம் ஒரு வெந்நீர்த் தொட்டி வைத்தார். யானையே கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரியது. அதற்குத் தனி லைன் இழுத்தார், எர்த் கொடுத்தார், சுவிட்சைக் கை எட்டாத தூரத்தில் வைத்தார். துளி கரண்ட் கசிந்தாலும் கண் இமைப்பதற்குள் நிறுத்திவிடும் டிரிப் சுவிட்ச் ஒன்றும் மாட்டினார். அவள் இறங்குமுன் தினமும் அதன் சோதனைப் பட்டனை அமுக்கிப் பார்ப்பார்.

"ஏங்க, தண்ணி ஆறிப்போகுது. எத்தனை தடவைதான் அமுக்குவீங்க?"

"இரும்மா, இன்னும் ஒரே தடவை."

"ஊரார் வீட்டு வேலைன்னா ஓடுவீங்க. நம்ம வீட்டு வேலைன்னா நாளைக்குப் பார்க்கலாம்பீங்க. அந்த மனுஷனா இது!"

"அந்த மனுஷன் திருந்திட்டான்."

அவள் சிரித்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினாள்.

"முட்டி இப்பத் தேவலைங்க."

அவள் எழுந்து வரும்வரை அவர் சுவிட்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒன்றே ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. அந்த டிரிப் சுவிட்சை அவர் வாங்கி மாட்டியது, தொட்டியில் கரண்ட் பாய்ந்து அவள் இறந்துபோனதற்கு மறுவாரம்.