கிரேன் ஓட்டுநர் டீ-ஷர்ட்

ஆர்டர் வந்திருந்த ஊரின் பெயரைப் பார்த்ததும் என் கை மவுஸிலிருந்து தானாக விலகியது.

கிரேன் ஓட்டுநர் டீ-ஷர்ட். கறுப்பு. டபுள் எக்ஸ்எல். ஒன்று.

அந்த ஊரை விட்டு மகளுடன் ஓடிவந்து மூன்று வருடம் ஆகிறது. அங்கே கிரேன் ஓட்டுகிறவன் ஒருவனைத்தான் எனக்குத் தெரியும். அவனுடைய சைஸும் தெரியும். ஒன்பது வருடம் நான்தானே துவைத்துப் போட்டேன்.

என் பிழைப்பு இதுதான். வாசகம் எழுதி, படம் போட்டு, இணையத்தில் கடை விரிப்பேன். யாராவது வாங்கினால் எங்கோ இருக்கும் அச்சுக் கம்பெனி அதைத் துணியில் அடித்து அவர்கள் வீட்டுக்கே அனுப்பிவிடும். சரக்கை நான் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. வாங்குகிறவர் பெயரையும் எனக்குக் காட்ட மாட்டார்கள், ஊர் மட்டும்தான் தெரியும். ஒரே டிசைனை எல்லாத் தொழிலுக்கும் மாற்றி மாற்றிப் போடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நர்ஸுக்கு ஒன்று, பிளம்பருக்கு ஒன்று, பூனை வளர்க்கும் பல் டாக்டருக்கு ஒன்று. சிரிக்காதீர்கள், பல் டாக்டர்தான் நன்றாகப் போகிறார்.

போன மாதம் வெறி பிடித்தவள் மாதிரி நானூறு தொழிலுக்குப் போட்டேன். எல்லாவற்றிலும் ஒரே வாசகம் இருந்தால் தளத்தில் ஏற்றவிட மாட்டார்கள். அதனால் அந்தந்தத் தொழில்காரர்கள் தங்களுக்குள் என்ன பேசிச் சிரிக்கிறார்கள் என்று தேடிப் படித்துத்தான் எழுதுவேன். கிரேன் வந்தபோது மட்டும் தேடவில்லை. விரல் பாட்டுக்கு அடித்துவிட்டது.

'மேலேருந்து பாத்தா எல்லாரும் எறும்பு. மிதிச்சாலும் தெரியாது.'

நன்றாக இருக்கிறதே என்று பக்கத்தில் ஒரு மஞ்சள் கிரேனை வரைந்துவிட்டு அடுத்த தொழிலுக்குப் போய்விட்டேன். அதை யார் சொன்னது, சொல்லும்போது அவன் கை என் உடம்பில் எங்கே இருந்தது, எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. மனசு இப்படியும் ஏமாற்றுமா? ஏமாற்றியது.

இப்போது எல்லாம் வந்தது.

பார்த்த நொடியே அவனுக்குத் தெரிந்திருக்கும். வேறு யார் வாயிலும் வராத வார்த்தை அது. கடைக்கு வேறு பெயர்தான், என் முகவரி எங்கேயும் இல்லை. ஆனால் அவன் விடாக்கண்டன். நுனி கிடைத்தால் போதும், இழுத்துக்கொண்டே வந்துவிடுவான்.

மணி ஒன்று பத்து. இரண்டேகாலுக்கு ஆர்டர் அச்சுக்குப் போய்விடும். அதற்குள் ரத்து செய்யலாம். செய்தால், ஏன் செய்தாள் என்று யோசிப்பான். செய்யாவிட்டால் அதை மாட்டிக்கொண்டு ஒருநாள் என் வாசலில் வந்து நிற்பான்.

தங்கைக்குப் போன் செய்தேன். டிசைன்களைத் தளத்தில் ஏற்றுவது அவள் வேலை. கடையையே இழுத்து மூடிவிடலாமா என்று கேட்டேன். ஊரில் எத்தனையோ கிரேன்காரர்கள் இருப்பார்கள், கண்டதையும் கற்பனை பண்ணிக்கொள்ளாதே என்று அதட்டினாள். அதட்டிவிட்டு, நான் கேட்காமலே, பிள்ளையை இன்றைக்குத் தானே பள்ளியிலிருந்து கூட்டிவருவதாகச் சொன்னாள்.

எனக்கு இன்னும் பயம் அதிகமானது.

கதவைப் பூட்டினேன். திரையை இழுத்துவிட்டேன். பட்டப்பகலில், வாடகை கொடுக்கிற என் வீட்டிலேயே, திருடி மாதிரி சுவரோரம் ஒண்டி நின்றேன். என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது. கிரேனை மட்டும் விட்டுவிட்டு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதோடு நிறுத்தியிருந்தால் குடியா முழுகியிருக்கும்?

கம்ப்யூட்டர் டிங் என்றது. வாங்கியவர்கள் கடைக்காரருக்கு எழுதும் பெட்டியில் ஒரு செய்தி.

கொஞ்ச நேரம் அதைத் திறக்கவே இல்லை. பிறகு திறந்தேன்.

"அக்கா, எனக்கு இந்தச் சட்டை வேணாம், கேன்சல் பண்ணிடுங்க. உங்ககூடப் பேச வேற வழி தெரியல. இதே வார்த்தைய நானும் தினம் கேக்கறேன். முன்னாடி இருந்தது நீங்கதானா? எப்படி வெளியே வந்தீங்க?"

மூன்று தடவை படித்தேன்.

இதை அவனே எழுதியிருக்கலாம். என் வாயைக் கிளற எந்த வேஷமும் போடுவான். அப்படி இருந்தால், பதில் போட்ட நிமிஷமே நான் தொலைந்தேன். பேசாமல் இருந்துவிட்டால் எனக்கும் மகளுக்கும் தப்பிக்க வழி இருக்கிறது. யாரோ அந்நியக் கடைக்காரி என்று நினைத்து விட்டுவிடுவான்.

மணி ஒன்றே முக்கால் ஆகியிருந்தது. கிரேனில் ஏறினவன் ஐந்து மணிக்கு முன் கீழே இறங்க மாட்டான். நான் கிளம்பியதும் அந்தக் கணக்கில்தான். எழுதியது நிஜமாகவே ஒரு பெண் என்றால், அவளும் இப்போது மணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆர்டரை ரத்து செய்தேன். இரண்டு முறை தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன்.

"துணிமணி எதுவும் எடுக்காதேம்மா. குப்பை கொட்டப் போற மாதிரி, வாளியோட வெளியே வா."